கூடையடியில் ஐந்தடி ஒன்பதங்குலம்

இன்பராஜின் உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் கூடையடியைக் காக்கிற வேலை அவனுடையது. அந்த வேலைக்கு ஆறடிக்கு மேல் ஆள் தேடினார்கள். அந்த வருடம் கிடைக்கவில்லை.

இறுதி ஆட்டம். ஒரு புள்ளி முன்னிலை, எட்டு நொடி பாக்கி. எதிரணியின் ஆறடி நாலங்குலக்காரன் பந்தோடு கூடையை நோக்கி வந்தான். குறுக்கே நிற்க வேண்டிய இன்பராஜ், மூலையில் நின்ற வேறொருவனைத் தடுக்கப் போகிறவன் போல ஓடினான். முதுகுக்குப் பின்னால் பந்து கூடைக்குள் இறங்கியது.

மூலையில் நின்றவனைத் தடுப்பது பாஸ்கலின் பொறுப்பு. உடைமாற்றும் அறையில் எல்லோரும் அந்த முதலாண்டுப் பையனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன் ஆளை நீ கோட்டை விட்டதாலதானேடா இன்பன் ஓடி வந்தான்?"

"பக்கத்துலயேதான் நின்னேண்ணே."

"பக்கத்துல நின்னியா, பராக்குப் பார்த்தியா? மேட்ச் பார்க்க டிக்கெட் வாங்கிட்டு வந்த மாதிரி!"

கடைசியில் பாஸ்கல் இன்பராஜிடம் வந்தான். "மன்னிச்சிடுங்கண்ணே. என்னாலதான் தோத்தோம். காலையில ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துடறேன். இனி ஆட வரல."

இன்பராஜ் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். அது ஏற்கனவே அவிழ்ந்துதான் கிடந்தது.

மறுநாள் காலையில் பயிற்சியாளர் ஞானசீலன் மைதானத்தில் தனியாக இருந்தார். ஐந்தடி ஐந்து, ஒரு முழங்காலில் பழைய காயம்.

"சார், என் உயரத்துக்குக் கூடையடியில நிக்க முடியுமா?"

முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அவனுக்கு.

அவர் பந்தை அவனிடம் எறிந்தார். நொண்டிக்கொண்டே போய்க் கூடையடியில் நின்றார். "பத்துத் தடவை போடு."

முதல் மூன்றும் அவர் தலைக்கு மேல் சுலபமாக விழுந்தன. நாலாவதில் அவன் தோள் இடித்து அவர் மல்லாக்க விழுந்தார்.

"சார், தள்ளிக்கங்க. அடிபட்டுடும்."

"நீ போடுய்யா."

உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அதே இடத்தில் நின்றார். எட்டாவது முறை அவர் மேல் மோதாமலிருக்க உடம்பை வளைத்தான். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

பத்தும் முடிந்தது. "ஒன்பது உள்ளே போயிடுச்சு, பார்த்தீங்களா சார்? உயரம் இல்லேன்னா முடியாது."

"என் உயரத்துக்கு ஒண்ணு தடுத்தேன். உன் உயரத்துக்கு என்ன முடியும்னு நேத்து யாருக்குமே தெரியாம போச்சு."

இன்பராஜின் காது மடல் சுட்டது.

"பாஸ்கல் அவன் ஆளை விடல சார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு, நேத்து அறை காலியாகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்."

வாசல் கேட் திறந்தது. துவைத்து மடித்த ஜெர்சியோடு பாஸ்கல் வந்துகொண்டிருந்தான்.

இன்பராஜ் குரலைத் தாழ்த்தினான். "சார், நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா அவனும் கேட்டுப்பான்..."

ஞானசீலன் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இப்ப எந்தப் பக்கமா ஒதுங்குறே?" என்றார்.