வண்டியில் வந்த வித்தியாசம்

முன்னொரு காலத்தில், ஓர் இடத்தில் உட்காரவே முடியாத ராஜா ஒருவர் இருந்தார். சபை நடக்கும்போதே எழுந்து நடப்பார். மந்திரிகளும் பின்னாலேயே ஓடவேண்டும். பாவம், பாதிப் பேருக்கு முழங்கால் வலி.

ஒருநாள் அவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. தலைநகரில் சேலை நெய்தால் கூலி மூன்று பணம். கற்குடி என்ற நெசவாளர் ஊரிலோ ஒரே பணம். "அதே தறி, அதே நூல்! நான்தானே கொடுத்தேன்? பிறகு ஏன் இந்த வித்தியாசம்?" என்று தூணுக்குத் தூண் நடந்தார்.

"கற்குடிக்காரர்கள் சோம்பேறிகள், மகாராஜா" என்றார் மந்திரி அகோரநாதர். அவர்கள் தொந்தரவில்லாமல் நெய்யட்டும் என்று வீட்டுக்கு வீடு உயர்ந்த மதில் எழுப்பிக் கொடுத்தவர் அவர்தான். செங்கல் அவர் மைத்துனரின் சூளையிலிருந்து வந்ததாம். நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

விகடகவி மருதப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "சோம்பல் இல்லை, மகாராஜா. நடுவில் வேறு ஏதோ இருக்கிறது."

மருதப்பனைக் கண்டாலே மந்திரிக்கு வயிறு எரியும். "அப்படியானால் அந்த வித்தியாசத்தை வண்டியில் ஏற்றி வந்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

"சபாஷ்!" என்றார் ராஜா. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "எதில் வேண்டுமானாலும் கை வை. தைப்பூசத்துக்குள் வண்டி வரவேண்டும்."

மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டைவிட்டுத் துரத்தினால் எங்கே போவது? கற்குடித் தெருவில் மேலும் கீழும் அலைந்தான். மதில்களுக்குப் பின்னால் தறிச்சத்தம் கேட்டது. மனிதக் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. தலைநகரில் தறியில் ஏற்றுமுன் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு நூலை, தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று குறை சொல்வான், யோசனை சொல்வான். இங்கே அவரவர் பாவு அவரவர் மதிலுக்குள்.

ஒரு கதவைத் தட்டினான். அம்மையப்பன் என்ற நெசவாளி எட்டிப் பார்த்தார். "நூலு அறுந்துக்கிட்டே இருக்குதுங்க. ராசாகிட்ட நல்ல நூலாக் கேட்டு வாங்கிக் குடுங்க."

அடுத்த வீட்டில் நெய்த வள்ளாத்தாளின் நூலோ அறுந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் நூல் அறுவதை மருதப்பன் அவளிடம் சொன்னான். "பாவுக்குப் போடுற கஞ்சியில துளி எண்ணெய் உடுவேனுங்க. ஏன், அவருக்குத் தெரியாதுங்களா?"

"பக்கத்து வீடுதானே, நீ சொல்லவில்லையா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதுங்க!"

மருதப்பன் கடப்பாரை கேட்டான்.

தைப்பூசத்தன்று அரண்மனை வாசலில் வண்டி வந்து நின்றது. வண்டி நிறையச் செங்கல். பின்னால் அம்மையப்பன் ஒரு சேலையோடு நின்றார்.

"இது என்ன?" என்றார் ராஜா.

"தாங்கள் கேட்ட வித்தியாசம், மகாராஜா. கற்குடி மதில்கள்."

"அரசாங்கச் சொத்தை இடித்துவிட்டான்!" என்று மந்திரி கத்தினார்.

ராஜா சேலையை விரித்துப் பார்த்தார். தலைநகரிலும் அப்படி ஒரு கரையை அவர் கண்டதில்லை. "நெய்தது யார்?"

"கை என்னோடதுங்க ராசா. கஞ்சிப் பதம் வள்ளாத்தா சொன்னது. கரை எதிர்வூட்டுக்காரரு யோசனை. இப்பத் தெருவுல பாவு கட்டறமுங்களா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சண்டைகூட வருதுங்க. ஆனா யாவாரி வந்து மூணு பணம் கூலி குடுத்துட்டுப் போறாருங்க." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

ராஜாவின் நடை நின்றது. அந்தச் செங்கல் வண்டிமேலேயே ஏறி உட்கார்ந்தார். சபையே வாயைப் பிளந்தது. உட்கார்ந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மருதப்பா, மோதிரம் உனக்கே. வண்டியும் உனக்கே. இன்னும் எத்தனை ஊரில் இப்படி மதில் இருக்கிறது?"

மருதப்பன் பணிவாகக் கைகட்டி நின்றான். "அதை மந்திரியாரின் மைத்துனரைத்தான் கேட்கவேண்டும், மகாராஜா."