களஞ்சியத்தில் நெல் மட்டும்

கரட்டுமலைச் சரிவில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் யாரும் யாரையும் தின்பதில்லை.

நம்ப முடியவில்லையா? நரியின் முதுகில் முயல்குட்டி ஏறி விளையாடும். சிங்கம் தூங்கும்போது காடைக் குஞ்சுகள் அதன் வாலை மிதித்துக்கொண்டு ஓடும். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். பிறகு மறுபடியும் தூங்கிவிடும்.

எல்லாம் ஒரு களஞ்சியத்தால் வந்த நிம்மதி. காட்டின் நடுவில், பாறைக் குகைக்குள் இருந்தது அது. அவரவர் விளைவிப்பதில் பாதியை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கோடையில் அதிலிருந்து எல்லோருக்கும் கஞ்சி. ராஜா சிங்கத்துக்கும் அதே கஞ்சிதான்.

"இந்தக் களஞ்சியத்தில் தானியம் இருக்கிற வரைக்கும் என் பல் யார் மேலேயும் படாது!" என்று சிங்கம் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தது.

புள்ளிச்சி என்ற காடைக்கு அந்த வாக்குதான் உயிர். வருஷா வருஷம் அவளுக்கு ஐந்து குஞ்சுகள். காடைக்கு இறக்கை இருக்கிறது என்று பேர்தான். தரையிலேதான் கூடு, தரையிலேதான் பிழைப்பு. பசித்த வாய் ஒன்று திரும்பினால் முதலில் அகப்படுவது அவள் குஞ்சுகள்தான். அதனால் அறுப்பு முடிந்த கையோடு, முதல் ஆளாகச் சாமையை அலகில் கவ்விக் கவ்விக் கொண்டுபோவாள். நூறு நடை நடப்பாள்.

முயல் துவரை கொண்டுவரும். மயில் கேழ்வரகு கொண்டுவரும். பன்றி வள்ளிக்கிழங்கை உருட்டிக்கொண்டு வரும். ஒரு வருஷம் துவரையில் புழு விழும், சாமை காப்பாற்றும். ஒரு வருஷம் சாமை சாய்ந்துவிடும், கிழங்கு காப்பாற்றும். கஞ்சியின் நிறம்தான் வருஷத்துக்கு வருஷம் மாறும். பானை காலியானதே இல்லை.

ஒரு நாள், கீழே ஆற்றுச் சதுப்பிலிருந்து வந்த கொக்கு ஒன்று ராஜாவுக்கு நெல்லுச்சோறு கொண்டுவந்து கொடுத்தது. சிங்கம் ஒரு வாய் தின்றது. கண்ணை மூடிக்கொண்டது.

"அடடா! பஞ்சு மாதிரி இருக்கே! இத்தனை நாளா தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு எதைக் குடிச்சேன் நான்?"

களஞ்சியக்கார நரி பக்கத்தில் நின்றது. அதன் பெயர் கூர்வாயன். பத்து விதத் தானியத்தைப் பிரித்துப் பிரித்து வைப்பதில் அதற்கு ரொம்ப நாளாகவே சலிப்பு.

"ராஜா! எல்லாரும் நெல்லே போடட்டும். ஒரே தானியம், ஒரே குவியல். வைக்கவும் சுலபம், அளக்கவும் சுலபம். உங்களுக்கும் தினம் பஞ்சுச் சோறு!"

"நல்ல யோசனை! நாளைக்கே சபையைக் கூட்டு!"

மறுநாள் சபை கூடியது. கூர்வாயன் பாறைமேல் ஏறி நின்று கத்தியது.

"இனிமே களஞ்சியத்தில் நெல் மட்டும்தான்! விதை நாங்க தருவோம். தண்ணி சும்மா. யானைங்க ஓடையை மறிச்சுத் திருப்பி விடும். வேற எதைக் கொண்டுவந்தாலும் வாங்க மாட்டோம். நெல் போடாதவங்களுக்குக் கோடையில கஞ்சி கிடையாது!"

முயல் எழுந்து நின்றது. "சரிவுல நெல்லுக்குத் தண்ணி எப்படிங்க நிக்கும்?"

"மரத்தை வெட்டு! மண்ணைச் சமமாக்கு! படிப்படியா வயல் வந்துட்டுப் போகுது. காது மட்டும் நீளமா இருந்தாப் போதுமா?"

சபை சிரித்தது. முயல் உட்கார்ந்துவிட்டது.

கடைசி வரிசையில் இருந்த புள்ளிச்சி மேற்கே திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆடி மாதமும் மேற்கேயிருந்து மேகம் வருவதை அவள் கூட்டில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறாள். மேகம் நேராக வந்து மரத்தலைகளில் தங்கும். இலை நனையும், கிளை நனையும், பிறகு சொட்டுச் சொட்டாக மண் நனையும். மரம் போய்விட்டால் மேகம் எதன்மேல் தங்கும்? தங்க இடமில்லாத மேகம் எப்போது வரும், எங்கே கொட்டும் என்று யாருக்குத் தெரியும்?

கேட்டுவிடலாம் என்று அலகைத் திறந்தாள்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ராஜாவும் பார்த்தது.

"என்ன காடையம்மா? எதாவது சொல்லணுமா?"

அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை கண்கள் தன்மேல் விழுந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"ஒண்ணுமில்லீங்க ராஜா... கொட்டாவி."

"பாருங்க, கொட்டாவி விடக்கூட ராஜாகிட்ட உத்தரவு கேக்குது!" என்றது கூர்வாயன்.

மறுபடியும் சிரிப்பு. புள்ளிச்சி தலையை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே சரிவு மொட்டையாகத் தொடங்கியது. பன்றிகள் வேரைக் கிண்டின. யானைகள் மரத்தைச் சாய்த்தன. சாய்த்த மரங்களைக் கொளுத்தினார்கள். பத்து நாள் புகை. புள்ளிச்சியும் தன் கூட்டுக்கு நிழல் கொடுத்த புதரை வெட்ட வேண்டியதாயிற்று. கஞ்சி வேண்டுமே!

முதல் வருஷம் நெல் விளைந்தது பாருங்கள், அப்படி ஒரு விளைச்சல்! எல்லோரும் களஞ்சிய வாசலில் குவித்தார்கள். கூர்வாயன் ஒவ்வொரு குவியலிலும் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிக்கும். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த நெல், உள்ளே போகலாம். 'சதக்' என்று நசுங்கினால் ஈரம், திரும்பிப் போக வேண்டும். அந்த வருஷம் எல்லாம் 'டக்'தான். குஞ்சுகள் பஞ்சுச் சோறு தின்று உருண்டையாகிவிட்டன.

'நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம் போல' என்று புள்ளிச்சி நினைத்தாள். வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டாம் வருஷம் வெயில் வேறு மாதிரி வந்தது. காலையிலேயே உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேங்கிய வயல் சேற்றிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கெட்ட மூச்சு கிளம்பியது. ஆடி மேகம் வந்தது. மொட்டைச் சரிவைப் பார்த்தது. நிற்காமலே போய்விட்டது. ஓடை இளைத்தது. நெல்லில் பாதி பதர்.

"விளைச்சல் குறைஞ்சா என்ன? வயலைக் கூட்டுங்க! இன்னும் மேல ஏறி வெட்டுங்க!" என்றது கூர்வாயன்.

வெட்டினார்கள்.

புள்ளிச்சி மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். பெரிய பாறைக்குப் பின்னால், இறக்கை அகலத்துக்குக் கொஞ்சம் நிலத்தில் சாமை தூவிவைத்தாள். அது பனியைக் குடித்தே முழங்கால் உயரம் வந்தது. கதிர் தலைசாய்க்க இன்னும் பதினைந்து நாள்தான். அதற்குள் பன்றி மோப்பம் பிடித்துவிட்டது. கூர்வாயனும் வந்து நின்றது.

"ராஜாவோட தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, கண்ட புல்லை வளர்க்கிறியா?"

"இது தண்ணியே கேக்காதுங்க நரியண்ணே. குஞ்சுங்களுக்கு ஒரு பிடி கிடைக்குமேன்னுதான்..."

"உன் ஒருத்திக்கு விட்டா நாளைக்கு மயில் வரும், முயல் வரும். சட்டம்னு ஒண்ணு எதுக்கு?"

பன்றி நாலு காலாலும் மிதித்துத் துவைத்தது. புள்ளிச்சி ஓரமாக நின்று பார்த்தாள்.

மூன்றாம் வருஷம் வந்தது. ஆடியில் மழை இல்லை. ஐப்பசியில் இல்லை. ஓடையில் மிச்சமிருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சி, எல்லோரும் தவம் கிடந்தார்கள். தை பிறந்தபோது ஏதோ கொஞ்சம் நெல் தேறியது. அறுத்தார்கள். களஞ்சிய வாசலில் குவித்தார்கள். முயல் குவியல், மயில் குவியல், கடைசியில் புள்ளிச்சியின் குருவிக்கூடு அளவுக் குவியல்.

"நரியண்ணே, சீக்கிரம் கடிச்சுப் பாருங்க. வானம் ஒரு மாதிரியா இருக்கு" என்றது முயல்.

"தை மாசத்துல என்ன மழை வந்துடப்போகுது? வரிசையில நில்லு!"

கூர்வாயன் நிதானமாக நாலு குவியல் பார்த்தது. உள்ளே போட்டது. பிறகு சாப்பிடப் போயிற்று. சாப்பிட்டவுடன் கண் சொக்கியது.

அப்போதுதான் வந்தது மழை. வழி தெரியாமல் எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்த மேகம்போல, இருந்ததையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியது. நாலு நாள் விடவில்லை. தடுக்க மரமில்லாத சரிவில் சேறு வழிந்து வந்தது. ஓலையைப் போட்டு மூடினார்கள், பறந்துபோனது. உடம்பைப் போட்டு மூடினார்கள். புள்ளிச்சி தன் நெல்மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நாலு நாளும் படுத்தே கிடந்தாள்.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. குவியல்கள் பச்சையாக இருந்தன. எல்லாம் முளைத்துவிட்டது.

கூர்வாயன் வந்து கடித்தது. "சதக்! திரும்பிப் போ." அடுத்தது. "சதக்! திரும்பிப் போ."

"நீங்க அன்னிக்கே எடுத்திருந்தா நனைஞ்சிருக்குமா?" முயல் அழுதேவிட்டது.

"நான் என்ன செய்ய? ஈர நெல்லை உள்ளே போட்டா இருக்கிறதும் கெட்டுடும். சட்டம் சட்டம்தான்!"

திருப்பி அனுப்பிய நெல் வாசலிலேயே அழுகியது. உள்ளே போன நாலு குவியல் மாசி முடிவதற்குள் தீர்ந்தது. பங்குனியில் ஒரு நாள் காலையில் ராஜா சிங்கம் களஞ்சியத்துக்கு வந்தது. வாசலில் எல்லோரும் கும்பலாக நின்றார்கள். சிங்கம் உள்ளே எட்டிப் பார்த்தது. பாறைத் தரை பளபளவென்று தெரிந்தது.

சிங்கம் மெல்லத் திரும்பியது. முயலைப் பார்த்தது. மயிலைப் பார்த்தது. புள்ளிச்சியின் காலடியில் நின்ற ஐந்து குஞ்சுகளைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் அது என்ன பார்வை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தானியம் இருக்கிற வரைக்கும்னுதானே ராஜா வாக்குக் கொடுத்தீங்க?" என்று கூர்வாயன் மெதுவாகக் கேட்டது.

புள்ளிச்சி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ராஜா! மரத்தை வெட்டினோம், மேகத்துக்குத் தங்க இடமில்லாமப் போச்சு. வர வேண்டிய நாள்ல வரல, வரக்கூடாத நாள்ல வந்து கொட்டிருச்சு. முன்ன ஒண்ணு போனா ஒண்ணு இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே குவியலா ஆக்கினோம், ஒரே மழையில எல்லாம் போச்சு. பாறைக்குப் பின்னால மிதிச்ச இடத்துல சாமை தானா துளிர்த்திருக்கு. அதை விதைக்கு விடுங்க. துவரை போடட்டும், கிழங்கு போடட்டும். மூணு மாசம் பொறுங்க ராஜா, பானை நிறைஞ்சிடும்!"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. சிங்கமும் கடைசிவரை கேட்டது. தலையைக்கூட ஆட்டியது.

"நல்லாத்தான் சொல்றே. இதை அன்னிக்கு ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சுங்க."

"எனக்கும் அன்னிக்கு வயிறு நிறைஞ்சிருந்துச்சு, கேட்டிருப்பேனோ என்னவோ." சிங்கம் உதட்டை நக்கிக்கொண்டது. "நீ மூணு மாசம் கேக்குறே காடையம்மா. எனக்கு இன்னிக்குக் காலையிலயே பசிக்குதே!"

கூர்வாயன் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தது. இறக்கைக்கு வெளியே தலையை நீட்டியிருந்த குஞ்சைக் கவ்வியது. பல்லில் வைத்துக் கடித்தது.

'டக்.'

"நல்லாக் காய்ஞ்சிருக்கு ராஜா! உள்ளே போகலாம்!" என்றது.

அப்புறம் அங்கே நடந்ததைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாம். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். புள்ளிச்சி அந்தப் பெரிய பாறையின் பின்னால் இடுக்கில் புகுந்து எண்ணிப் பார்த்தாள். இரண்டு இருந்தன. மிதிபட்ட சாமை அங்கேதான் துளிர்த்து, ஒற்றைக் கதிர் விட்டிருந்தது. குஞ்சுகள் அதைக் கொத்தப் போயின. அவள் தடுத்தாள். பிறகு, தடுக்க வேண்டாம், தின்னட்டும் என்று பாதியை விட்டாள். பாதியை அலகில் கவ்விக்கொண்டு, மரம் இருக்கிற மலையைத் தேடி, இரண்டையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் எல்லோரும் எல்லோரையும் தின்கிறார்கள். கூர்வாயன் இன்னும் களஞ்சிய வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நீதி: மண்ணையும் மழையையும் கேட்காமல் சட்டம் போடுகிறவர்கள், பசி வந்தால் தங்கள் சட்டத்தைத் தின்ன மாட்டார்கள், சின்னவர்களைத்தான் தின்பார்கள், ஆகவே சொல்ல வேண்டியதை அவர்கள் வயிறு நிறைந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.