ஒரு சொம்புத் தண்ணீர்

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு வயது குறைவு. சீடர் அங்கப்பனுக்குத்தான் தலை முழுக்க நரை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று வந்தவர், மனசை மட்டும் அக்கரையில் விட்டிருந்தார். அங்கேதான் மகள் கோதை குடியிருந்தாள். தனக்குப் பிடித்தவனை அவள் கட்டிக்கொண்ட அன்று, "இனி உன் வீட்டுப் பச்சத்தண்ணிகூட என் தொண்டையில எறங்காது" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்த மனிதர் இவர்.

இப்போது பேத்தி பிறந்து தவழ்கிறாளாம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"நாளைக்குக் கண்டிப்பா போறனுங்க சாமி" என்பார் தினமும். விடிந்தால் மடத்துப் பசுவுக்கு உடம்பு சரியில்லை என்பார். பசு பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

"என்னதான் தடை?" என்று கேட்டார் குரு.

"மன்னிப்புக் கேக்கோணும். மாப்பிள்ளை மூஞ்சியில முழிக்கோணும். பழசெல்லாம் பேசோணும். நெனச்சாலே காலு நகர மாட்டேங்குதுங்க."

"அப்போ போகவே வேண்டாம். பரிசல்துறை வரைக்கும் நடந்துட்டு வாங்க."

இதெல்லாம் ஒரு வேலையா என்று அங்கப்பன் போய்விட்டு வந்தார்.

மறுநாள், "பரிசல்ல ஏறி அக்கரையைத் தொட்டுட்டுத் திரும்பிடுங்க" என்றார் குரு.

அப்படியே திரும்பினார். கரை சேர்ந்தும் இறங்காத ஆளைப் பார்த்துப் பரிசல்காரர் சிரித்த சிரிப்பில் பரிசலே ஆடியது.

அதற்கடுத்த நாள் குரு சொன்னார்: "மக வீட்டு வாசல் வரைக்கும் போங்க. மன்னிப்பு வேண்டாம், பழசு வேண்டாம். வெயில்ல நடந்தா தாகமெடுக்கும். ஒரு சொம்பு தண்ணி கேட்டுக் குடிச்சுட்டு வந்துடுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அன்று அவர் திரும்பவில்லை. மறுநாள் பொழுது சாயும்போது வந்தார். சட்டையெல்லாம் பருப்புச் சோறு, முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளை விடவே மாட்டேன்னுட்டாருங்க. பேத்திக்கு அப்படியே என் மூக்கு சாமி, பாவம்."

சட்டென்று முகம் வாடியது.

"ஆனா மன்னிப்பு இன்னும் கேக்கலீங்க. கேக்கலாம்னு வாயெடுத்தா கோதை அழுவறா, சிரிக்கறா, ஒண்ணும் புரியல. நாளைக்குப் போயிக் கேட்டுடறேன்."

"எப்போ அழுதாங்க?"

"சொம்பை வாங்கி நான் குடிச்சப்போ."

"முழுசாக் குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு விடலீங்க."

"அப்போ கேட்டாச்சு. நாளைக்குப் பேத்தியோட வெளையாடிட்டு வாங்க."