கடகடத்த தகடு

பந்தய மோட்டார் பைக் கொட்டகையின் முதலாளி வரதராஜுலு. மற்றவர்கள் செருப்பை மண்ணில் விடுவார்கள். தூசி படக் கூடாதென்று அவர் மட்டும் தன் புது ரப்பர் செருப்பை வாசற்படி மேல் விடுவார்.

கல் பட்டு என்ஜின் உடையாமலிருக்க வண்டிக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு மாட்டியிருந்தார்கள். வண்டி கிளம்பினாலே அது கடகடவென்று ஊரைக் கூட்டியது. வண்டியோட்டும் ஜெசிந்தாவை இறக்கிவிட்டு மருமகனை ஏற்ற அவருக்கு அதுவே நல்ல சாக்கு.

"நான் சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள சத்தம் நிக்கணும். தகட்டைக் கழட்டி வீசக் கூடாது. வெளியிலிருந்து எதுவும் வாங்கியாந்து வைக்கக் கூடாது, உள்ளே கிடக்கிறதையும் வைக்கக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு மாப்பிள்ளைதான் ஓட்டுவாரு."

"சரிங்க முதலாளி" என்றாள் ஜெசிந்தா.

அவர் கை கழுவி வரும்போது வண்டி மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. என்ஜின் உறுமியது, தகடு வாயே திறக்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் துண்டுகள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

"இது வெளியில இருந்ததா, உள்ள இருந்ததா?"

"ரெண்டும் இல்லீங்க. வாசப்படி மேல இருந்துச்சு."

வரதராஜுலு வாசலுக்கு ஓடினார். படிமேல் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. அவசரமாக அதில் காலை நுழைக்கப் போனார்.

"அது அங்கயே இருக்கட்டுங்க முதலாளி" என்றாள் ஜெசிந்தா. "கைப்பிடிக்கு முன்னால இருக்கிற தடுப்புத் தகடும் லேசா ஆடுது."