செவந்தி வீட்டுக்கு மேடேறிய மஞ்சள் கார்

கூழாங்கரடு என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே வெளியூர் போனால் வழி கேட்டுத்தான் திரும்பி வருவார்கள். அங்கே பச்சைமுத்து, அங்கப்பன், தீர்த்தகிரி, குழந்தைவேலு என்று நான்கு கூட்டாளிகள் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து, யாரோ ஓட்டிக் களைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார்கள். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை. அதனால் இருவர் உள்ளே உட்கார, மற்ற இருவர் பக்கத்திலேயே ஓடி வந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் என்று நால்வருமே நம்பினார்கள்.

கார் வாங்கியதே பச்சைமுத்துவின் கல்யாணத்துக்காகத்தான். மலைமேல் தேக்குமட்டம் தபால் நிலையத்தில் வேலை பார்த்த செவந்தி மேல் அவனுக்கு உயிர். கடிதம் எழுத அவனுக்கு யாருமில்லை. இருந்தாலும் மலை ஏறிப் போய் அவளிடம் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு இறங்கி வருவான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் அவள் அப்பா சடையப்பர் இருந்தாரே, அவர் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர, ஆய்விலிருந்து கிடைக்கவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவர் சொந்த வண்டியில மேடேறி வரணும்" என்று அவர் சொல்லி அனுப்பினார். "வண்டியில புகை வரக் கூடாது. சர்டிபிகேட் கையில இருக்கணும். இந்த ஞாயித்துக்கிழமை வரலேன்னா வேற வரன் பாத்துடுவேன்."

ஒத்திகை பார்க்கலாம் என்று காரை எடுத்தால், முதல் வளைவிலேயே அது நின்றுபோனது. பின்னால் கிளம்பிய கரும்புகையில் ஓடிவந்த இருவரையும் காணவில்லை. புகை கலைந்ததும் நால்வருமாகக் காரைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக் காதர் பாய் காது கொடுத்துக் கேட்டார். "எஞ்சினுக்கு மூச்சு முட்டுது தம்பி. சூப்பர்சார்ஜர் கிட்டுன்னு ஒண்ணு இருக்கு, அது காத்தை அமுக்கி உள்ள அனுப்பும். போட்டா மேடு ஏறிடும். ஆனா கண்டதை வாங்கிடாதீங்க. கவர்மெண்ட் ஒப்புதல் இருக்கணும், புகை டெஸ்ட்ல பாஸாகணும், வண்டிக்குப் பொருந்தணும். நிதானமா உக்காந்து யோசிச்சு எடுங்க."

காரை அப்படியே டவுனுக்குத் தள்ளிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனதும் நால்வரும் தரையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் நாற்காலி போடுவதற்குள் யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைவேலு மட்டும் கால் மரத்துப் போய் நடுவில் எழுந்தான். அதனால் அவன் சொன்ன கருத்து எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கிட்டுகளை முன்னால் வைத்தார். மூன்றிலும் ஒப்புதல் முத்திரை இருந்தது.

"ஒப்புதல் சரி" என்றான் அங்கப்பன். நால்வரில் சிந்தனை அவன் பொறுப்பு. "அடுத்தது புகை டெஸ்ட்டு. தூக்குங்கடா."

பில் போடாமல் சாமான் வெளியே போகக் கூடாதே என்று கடைக்காரரும் கூடவே ஓடினார். எதிரில் இருந்த புகைச் சோதனை நிலையத்தில், மேசைமேல் சின்ன கிட்டை வைத்தார்கள். சோதனைக்காரர் குழாயை எங்கே சொருகுவது என்று கேட்டார். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே என்றான் அங்கப்பன். திரையில் பூஜ்யம் வந்தது. நடுத்தரத்துக்கும் பூஜ்யம், பெரியதுக்கும் பூஜ்யம்.

"மூணுமே பாஸ்" என்றான் தீர்த்தகிரி. "இப்ப எதை எடுக்கறது?"

"காரையும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்றான் பச்சைமுத்து.

காரைப் பார்த்தார்கள். சோதனைக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். திரையில் வந்த எண்ணை அவர் தம் வேலையில் அதற்கு முன் கண்டதில்லையாம்.

அங்கப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினான். "கிட்டுங்க மேல தப்பே இல்லைப்பா. தப்பு காருக்குள்ள எங்கயோ இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுக் கழட்டிட்டா முடிஞ்சுது."

உடனே ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். கதவு பாஸ். இருக்கை பாஸ். ஸ்டியரிங், ஸ்டெப்னி, கண்ணாடி, எல்லாம் பாஸ். ஒரு சந்தேகத்துக்குக் குழந்தைவேலுவின் செருப்பையும் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் பாஸ், ஆனால் சோதனைக்காரர் மறுபடி வெளியே போய்விட்டு வந்தார். கடைசியில் எஞ்சின் ஒன்றுதான் மிச்சம்.

"எனக்கு அப்பவே அது மேல ஒரு கண்ணு" என்றான் தீர்த்தகிரி.

பச்சைமுத்துவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. செவந்தி முகம் கண்முன் வந்து நின்றது. "எஞ்சின் இல்லாம வண்டி மேடேறுமாடா?"

"காதர் பாய் என்ன சொன்னாரு? எஞ்சினுக்கு மூச்சு முட்டுதுன்னாரு" என்றான் அங்கப்பன் பொறுமையாக. "எஞ்சினே இல்லேன்னா எதுக்கு மூச்சு முட்டும்?"

பச்சைமுத்து யோசித்துப் பார்த்தான். உட்கார்ந்துகொண்டேதான் யோசித்தான். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கிணறு தூர்வாருகிற கப்பியைக் கொண்டுவந்து எஞ்சினைத் தூக்கி, சோதனை நிலையத்து ஓரமாகக் கோணி போட்டு மூடி வைத்தார்கள். அந்தப் பள்ளத்தில் பெரிய கிட்டு வசமாக உட்கார்ந்தது. பொருத்தத்துக்குப் பொருத்தமும் ஆயிற்று. மற்றதையெல்லாம் திரும்ப மாட்டினார்கள். மிஞ்சிய திருகுகளை மரியாதையாக டேஷ்போர்டில் வைத்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் சோதனைக்காரர்.

பச்சைமுத்து சாவியைத் திருகினான். திரையில் பூஜ்யம். "மெஷின் சொன்னா சரிதான்" என்று சொல்லி அவர் சர்டிபிகேட்டை நீட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைமுத்து வெள்ளைச் சட்டையில் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்ற மூவரும் பின்னால் நின்று தள்ள, கார் மலை ஏறியது. வழியில் ஒரு மாட்டுவண்டி அவர்களை முந்திக்கொண்டு போனது. உச்சி வெயிலில் தேக்குமட்டம் போய்ச் சேர்ந்தபோது மூவரின் நாக்கும் வெளியே தொங்கியது. ஆனால் காரில் சத்தமில்லை, புகையில்லை. சடையப்பர் வாசலில் நின்று பார்த்தவர், வாய்விட்டே பாராட்டினார்.

அதோடு விடுகிற ஆளா அவர்? பானெட்டைத் திறந்து ஒப்புதல் முத்திரையைப் பார்த்தார். சர்டிபிகேட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எஞ்சின் எங்க?"

"பின்னாடி நிக்குதுங்க ஐயா" என்றான் பச்சைமுத்து.

சடையப்பர் பின்னால் போய் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். "பின்பக்க எஞ்சினா. சரி, ஸ்போர்ட்ஸ் கார்ல அப்படியும் உண்டு. வாயைத் திறங்க."

மூவரும் திறந்தார்கள். தீர்த்தகிரியிடம் வெங்காய வாசனை, அது விதிக்கு உட்பட்டது. குழந்தைவேலுவிடம் ஒன்றுமில்லை. அங்கப்பனிடம் வந்ததும் அவர் மூக்கைச் சுருக்கினார். கடைசி வளைவில் அவன் ஒரு பீடி பிடித்திருந்தான்.

"இதுல புகை வருது" என்றார் சடையப்பர். "இந்த வண்டிக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது."

பச்சைமுத்துவுக்குக் காலடியில் மலையே சரிந்த மாதிரி இருந்தது. ஆனால் கழற்றுகிற வேலை அவர்களுக்குத்தான் கைவந்த கலை ஆயிற்றே. அங்கப்பனை எஞ்சினிலிருந்து கழற்றி டிரைவர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். அவன் இடத்தில் பச்சைமுத்து இறங்கி நின்றான். வாயை முகர்ந்து பார்த்த சடையப்பர், தபால் நிலையம் வரை போய் வரச் சொன்னார். போவது செவந்திக்காக அல்லவா, பச்சைமுத்து தள்ளிய தள்ளில் கார் பறந்தது. தீர்த்தகிரியும் குழந்தைவேலுவும் அதைப் பிடிக்கவே ஓடவேண்டியிருந்தது.

சடையப்பர் மனம் குளிர்ந்து போனார். நேராகக் கார் கதவைத் திறந்து அங்கப்பன் கையைப் பிடித்தார். "வாங்க மாப்பிள்ளை."

"நான் மாப்பிள்ளை இல்லீங்க."

"வண்டிக்குள்ள இருக்கறது யாரு?"

"நான்தாங்க."

"நீங்க எஞ்சினா?"

"இல்லீங்க. என்னைத்தான் கழட்டிட்டாங்களே."

"எஞ்சின் இல்லேன்னா, அப்புறம் மாப்பிள்ளை தானே?"

அங்கப்பன் இதை நாலாபுறமும் திருப்பிப் பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. "ஐயா சொல்றது நியாயமாத்தான்டா இருக்கு" என்று பச்சைமுத்துவிடம் வருத்தத்தோடு சொன்னான்.

பச்சைமுத்துவும் யோசித்தான். அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வாங்கிய ஸ்டாம்பெல்லாம் வீட்டில் ஒட்டாமலே கிடக்கிறதே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. தீர்த்தகிரி தன் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

காப்பித் தட்டோடு வெளியே வந்த செவந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அப்பாவிடம் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது என்பது பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"அப்பா, எனக்கு மாப்பிள்ளை வேண்டாம்" என்றாள். "அந்த எஞ்சினைக் குடுங்க, போதும்."

"எதை?"

"வெள்ளைச் சட்டை போட்டதை."

சடையப்பர் கண்ணை மூடிப் பணிக்காலத்து விதிகளையெல்லாம் ஒருமுறை மனதில் புரட்டினார். "டெஸ்ட்ல பாஸான எஞ்சின்தான். சட்டத்துல தடை ஒண்ணும் இல்லை" என்று சொல்லி, பச்சைமுத்துவின் தோளைத் தட்டி உள்ளே அழைத்துப் போனார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். ஓமத்துக்கும் ஊதுபத்திக்கும் சடையப்பர் அனுமதி தரவில்லை. ஐயர் அணைந்த விறகின் முன்னால் உட்கார்ந்து மந்திரம் சொன்னார். தாலியை எடுத்துப் பச்சைமுத்து கையில் கொடுத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. பச்சைமுத்து தாலியைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மேளக்காரர்கள் கை ஓய்ந்து, இன்னொரு முறையும் கொட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க ஆச்சு? கட்டுங்க" என்றாள் செவந்தி மெதுவாக.

"நானா எப்படிக் கட்டறது? யாராச்சும் சாவி போட்டாத்தானே" என்றான் பச்சைமுத்து.

செவந்தி அவன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். பச்சைமுத்து டுர்ரென்று உறுமி, மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டான். அட்சதை தூவக் கையை ஓங்கிய கூட்டத்தைச் சடையப்பர் ஒரு விரலால் நிறுத்தினார். மணமகனுக்குப் பின்னால் போய்க் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"புகை இல்லை" என்றார். "போடுங்க."