பெயரை மூடிய தாள்

தலையைச் சொறிந்துகொள்ளத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்கலாம்.

நாகூர் ரசாக் மரைக்காயரின் முன்னோர் சீனத்துக்குக் கப்பல் விட்டவர்கள். அந்த நினைவாக, பழைய சீனத்தை ஆராய விரும்பும் ஒருவருக்கு ஆண்டுதோறும் மேற்படிப்புக்கான முழு உதவித்தொகையைத் தருகிறது அவரது அறக்கட்டளை. தேர்வும் பழைய சீன முறைப்படிதான். அந்தக் காலத்து அரசுத் தேர்வில் விடைத்தாளில் இருக்கும் பெயரைத் தாள் ஒட்டி மூடிவிடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வேறொருவரை விட்டுப் பிரதி எடுப்பார்கள். இங்கே அறக்கட்டளை எழுத்தர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடுவார். பெயர் தெரிந்த பிறகு முடிவை மாற்றக் கூடாது என்பது மரைக்காயர் போட்ட விதி.

இந்த முறை வேளாங்கண்ணி மீனவர் வீட்டுப் பெண் மதலேன் விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் தைவானில் படிப்பு. கிடைக்காவிட்டால் மாமா பார்த்து வைத்திருக்கும் இறால் கம்பெனி வேலை. நடுவரான பேராசிரியை தில்லைநாயகியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. யூடியூபில் அவருடைய உரைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டு அவருடைய தோரணையே இவள் எழுத்திலும் ஏறிவிட்டது. கப்பல் புறப்படுமுன் மலையேறிக் காற்றுக்கு வேண்டிக்கொண்டு, அதைப் பாறையிலும் வெட்டி வைத்த சீனத் துறைமுக அதிகாரிகளைப் பற்றித்தான் கட்டுரை. காற்றின் குணம் தெரிந்த வீட்டில் பிறந்தவள் எழுதியது, கேட்கவா வேண்டும்.

தில்லைநாயகிக்கு ஒரு பழக்கம். படித்த கையோடு பென்சிலால் மதிப்பெண் போடுவார். தேநீர் குடித்துவிட்டு வந்து பேனாவால் உறுதி செய்வார்.

முடிவு நாளில், விண்ணப்பித்தவர்கள் முன்னிலையில் மரைக்காயர் ஒட்டுத்தாளைப் பிரித்தார். முதலிடம் சாருலதா, தில்லைநாயகியின் சொந்த மாணவி. மதலேனுக்கு இரண்டாமிடம்.  இறால் வாடை அப்போதே அவள் மூக்கில் ஏறியது.

பேராசிரியையின் முகமோ வெளிறிப்போனது. "அந்தக் காத்துக் கட்டுரை சாரு எழுதினதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

விஷயம் இதுதான். பென்சிலால் அந்தக் கட்டுரைக்கு முதலிடம் போட்டபோது எழுதியது யார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. தேநீர் குடிக்கும்போதுதான், நம்முடைய நடையாக இருக்கிறதே, சாருலதாவைத் தவிர யார் இப்படி எழுதுவார்கள் என்று தோன்றியது. சொந்த மாணவிக்கே கொடுத்துவிட்டதாக ஊர் பேசுமே என்று பயந்து, பேனாவால் அதை இரண்டாமிடத்துக்கு இறக்கிவிட்டார். ஓரவஞ்சனை கூடாதென்று செய்த வேலை, சொந்த மாணவியையே தூக்கி முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டது.

"பென்சில்ல போட்டதுதான் என் தீர்ப்பு. அந்தப் பொண்ணுக்குத்தான் சேரணும்" என்றார் தில்லைநாயகி.

"பேரைப் பாத்தப்பறம் மாத்துனா, ஒட்டி வச்சதுக்கு என்ன மேடம் அர்த்தம்? முடிவு முடிவுதான்" என்றார் மரைக்காயர்.

சாருலதா எழுந்தாள். "எனக்கு வேணாம் சார். நான் விட்டுக்குடுத்துடறேன், அவங்களே வாங்கிக்கட்டும்."

எல்லாரும் மதலேனைப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ளக் கை துறுதுறுக்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்னாள்: "தானமா வேணாங்க. நான் ஜெயிச்சிருந்தா குடுங்க. இல்லன்னா இறால் உரிக்கப் போறேன்."

பேராசிரியை, மரைக்காயர், சாருலதா. இந்த மூவரில் யார் சொன்னது சரி? கீழே கண்ணை ஓட்டாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: பேராசிரியை சொன்னதுதான் சரி. சாருலதாவுக்குப் பெரிய மனசு. ஆனால் தனக்குச் சேராததை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. மரைக்காயரின் விதியும் நல்ல விதிதான். ஆனால் அவர் ஒட்டுத்தாளைப் பிரிக்கும் முன்பே, தேநீர் வேளையில், தில்லைநாயகியின் மனசில் ஒரு பெயர் திறந்துவிட்டது, அதுவும் தப்பான பெயர். பெயர் நினைப்பே இல்லாமல் போட்ட மதிப்பெண் பென்சிலில் இருப்பது ஒன்றுதான். அதற்குத் திரும்பினால்தான் விதி காப்பாற்றப்படும். தில்லைநாயகி இதை எடுத்துச் சொன்னதும் மரைக்காயர் தாடியைத் தடவினார். பிறகு, "முதலிடம், மதலேன்" என்று உரக்க வாசித்தார். முதலில் கைதட்டியவள் சாருலதா. மதலேன் வெளியே ஓடிவந்து போனை எடுத்தாள். "மாமா, இறாலுக்கு வேற ஆள் பாத்துக்குங்க."