கோடாயி சேர்த்த சூரியகாந்தி விதை

ஒரு வீட்டுத் தோட்டத்தில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு சூரியகாந்திச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்றன. பக்கத்து வேப்பமரப் பொந்தில் கோடாயி என்ற அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள்.

முதல் பூ விரிந்ததும் கோடாயிக்குத் தலைகால் புரியவில்லை. அடைமழை வரப்போகிறது. மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் பொந்தை விட்டு வெளியே வர முடியாது. இத்தனை செடியிலும் பூத்து விதை முற்றினால் பிள்ளைகள் பிழைத்துவிடும்!

ஆனால் அவளுக்கு முன்னால் தேனீக்கள் வந்துவிட்டன. தோட்டத்துச் சுவர் ஓட்டையில் கூடு கட்டியிருந்த கூட்டம் அது. வீட்டுக்கார அம்மா காப்பித் தம்ளரோடு வந்து, பூவையும் தேனீக்களையும் பார்த்துப் பூரித்து நின்றாள்.

"திருட்டை வேடிக்கை பார்க்க ஒருத்தி!" என்று கோடாயி பல்லைக் கடித்தாள். பிறகு தேனீக்களைப் பார்த்துக் கத்தினாள். "ஏய்! என் பிள்ளைங்க சாப்பாட்டை மாவாக்கிக் காலிலே அப்பிக்கிட்டுப் போறீங்களா?"

சிறகு கிழிந்த வயதான தேனீ ஒன்று நின்று பதில் சொன்னது. "கோவிச்சுக்காதே அக்கா! இது பூவோட மகரந்தம். இதை நாங்க தோட்டத்துக்குத் தோட்டம், பூவுக்குப் பூ கொண்டுபோனாத்தான் விதைக்குள்ளே பருப்பு பிடிக்கும்."

"பிடிபட்ட திருடி இப்படித்தான் பேசுவா!"

விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அன்றைக்கே ஓடையோரம் போய்ப் பஞ்சுருட்டானைப் பார்த்தாள். தேனீயைப் பிடித்துத் தின்னும் பச்சைக் குருவி அது.

"எங்க தோட்டத்துக்கு வாங்கண்ணே! தேனீ வர்ற வழியைக் காட்டுறேன். துணிக்கொடியிலே உட்கார்ந்தா வாய்க்கே வரும்!"

"கூட்டத்தையே கூட்டிட்டு வரலாமா?"

"தாராளமா!"

மறுநாள் விடியலில் கொடி முழுக்கப் பச்சைக் குருவிகள். சுவர் ஓட்டையிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு தேனீயையும் பறந்து கவ்வின. கொடியில் தேய்த்துக் கொடுக்கை உதிர்த்துவிட்டு விழுங்கின. அந்தச் சிறகு கிழிந்த தேனீயும் போனது. கோடாயி வேப்பங்கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டி ரசித்தாள். பாவி!

மூன்றாம் நாள் மிச்சமிருந்த தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. தின்ன ஒன்றும் இல்லாததால் குருவிகளும் பறந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் மற்றப் பூக்களெல்லாம் விரிந்தன. ஒரு பூவிலும் தேனீ இல்லை. கோடாயிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மிதப்பில் மழைக்கென்று வேறு இரை எதுவும் சேர்த்து வைக்கவே இல்லை.

பூக்கள் காய்ந்து தலை கவிழ்ந்தன. முதலில் பூத்த பூவிலிருந்து தொடங்கி, எல்லா விதையையும் கவ்விக்கொண்டு போய்ப் பொந்தை நிரப்பினாள். சேமிப்பில் வாய் வைக்கக் கூடாது என்று ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை. விதை ரொம்ப லேசாக இருந்தது. 'காய்ந்த விதை லேசாகத்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது.

"அம்மா, பசிக்குது!" என்றான் சின்னக்குட்டி.

கோடாயி ஒரு விதையைக் கடித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் வெறும் தோல். பத்து, இருபது, ஐம்பது கடித்தாள். வாயெல்லாம் தோலும் தூசும்தான். மழையில் இறங்கிப் பார்த்தாள். தோட்டம் முழுக்கத் தண்ணீர். நனைந்து நடுங்கி வெறும் வாயோடு திரும்பினாள்.

நான்காம் நாள் சின்னக்குட்டி பசிக்கிறது என்று சொல்வதை நிறுத்திக்கொண்டான். தோல்களை வாரி வாரிக் கடித்துக்கொண்டே போனவள், பொந்தின் அடிக்கு வந்தபோது ஒரு விதை பல்லுக்குக் கெட்டியாக அகப்பட்டது. உள்ளே வெள்ளைப் பருப்பு! அடியில் கிடந்தவை முதல் பூவின் விதைகள். குருவிகள் வருவதற்கு முன் தேனீக்கள் உட்கார்ந்த ஒரே பூ அதுதான். அந்தக் கிழத் தேனீ சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எந்திரிடா கண்ணு! பருப்பு இருக்குடா!" என்று சின்னக்குட்டியின் வாயில் திணித்தாள். அவன் வாய் மூடவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

இருந்த பருப்பு மூத்த குட்டி பெரியவளை மட்டும் காப்பாற்றியது.

மறு வருஷம் வீட்டுக்கார அம்மா மறுபடியும் விதை போட்டாள். பூ விரிந்தது. எங்கிருந்தோ ஒற்றைத் தேனீ வந்து அதில் உட்கார்ந்தது.

"அம்மா, திருடி வந்துட்டா! விரட்டட்டுமா?" என்று பெரியவள் பாய்ந்தாள்.

கோடாயி அவள் வாலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "வேண்டாண்டி! சத்தம் போடாதே. அவதாண்டி நமக்குச் சோறு போடுறவ!" என்றாள். சொல்லிவிட்டுப் பொந்துப் பக்கம் திரும்பி அழுதாள்.

அடுத்தவர் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் அவரைத் திருடர் என்று விரட்டுகிறவர், தம் பிள்ளைகளின் சோற்றையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்.